தொட்டுக்க எது உசத்தி

அன்புள்ள பொடிசுக்கு,

அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நலம் விசாரிப்பதிலேயே பக்கங்கள் தீர்ந்துபோய் வழக்கம்போல நழுவிவிடுவேன். நீ அனுப்பிய கடுகு விழுதில் காரம் இல்லை. ஒரு துளிகூட இல்லை. இனி விசாரிக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, உன் தோழியின் கையில் பட்ட சூடு ஆறிவிட்டதா, உங்கள் அறைச் சுவரில் இன்னும் ஈரம் கசிகிறதா? இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை, அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் அடுப்படியில் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நீயும் நானும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் சித்தி, என்பதற்கு மேல் போனதே இல்லை, அதற்குள் அப்பா கையை நீட்டிவிடுவார், நானும் கொடுத்துவிடுவேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம் ஒரு அக்கா தங்கை அளவுதான், இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு அம்மாவாக நடிக்கக் கூடாது என்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டேன், அதையே கொஞ்சம் அதிகமாகச் செய்துவிட்டேனோ என்னவோ, உன்னிடம் எதையும் அழுத்திச் சொல்லிப் பழக்கமில்லாமல் போய்விட்டது. எழுத்தில் எனக்குத் தைரியம் கூடுதல்.

உன் பார்சல் வந்த நாள் விடுமுறை நாள். மேசைமேல் வைத்து நான்தான் பிரித்தேன். பழைய துணியும் செய்தித்தாளும் சுற்றி, ஒரு பிள்ளையைக் குளிருக்குப் போர்த்தியதுபோல மூன்று பாட்டில்களையும் போர்த்தி அனுப்பியிருந்தாய். கடுகு விழுது, மிளகாய் சாஸ், வெங்காயத்தைச் சர்க்கரையில் சுருள வதக்கியது. கூடவே உன் சீட்டு. நீயும் தோழியும் ஓட்டல் வேலையை விட்டுவிட்டுச் சந்தையில் சின்னதாக ஒரு கடை பிடிக்கப்போவதாகவும், முதலில் ஒரே ஒரு சரக்கைத்தான் போடப்போவதாகவும், அப்பா எதைச் சொல்கிறாரோ அதுதான், வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். கீழே செய்முறையும் எழுதியிருந்தாய், சுத்தத்துக்காகக் கடுகுக்குக் கொதித்த தண்ணீர்தான் சேர்த்தேன் என்று பெருமையாக. அதைப் படித்தபோது எனக்குள் ஏதோ இடறியது, என்னவென்று அப்போது பிடிபடவில்லை. சீட்டின் மேல்பாதியை அப்பா இரண்டு தரம் உரக்கப் படித்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு நீதிபதி மாதிரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அப்பா சொல்வதுதான் என்ற அந்த வரிக்குக் கீழே அவர் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரம் எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது, அந்த வெயிலில் எந்தப் பொருளும் தன் இடத்தில் கொஞ்சம் மிதப்பது மாதிரி இருக்கும், உனக்கு நினைவிருக்கும். அவித்த உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி. அப்பா ருசி பார்க்கிற சாஸ் கம்பெனியில் கோணலாக லேபிள் ஒட்டித் தள்ளிவிட்ட பாட்டில்கள் வழக்கம்போல நடுவில். நம் வீட்டில்தான் வினிகர் என்று எழுதிய பாட்டிலில் தேனும், தக்காளி என்று எழுதியதில் விளக்கெண்ணெயும் இருக்கும், நம்மைத் தவிர யார் வந்து சாப்பிட்டாலும் ஆபத்துதான். மாடி டெய்லர் வாசனை பிடித்து இறங்கி வந்துவிட்டார். அத்தை அவருக்குத் தட்டு வைத்துக்கொண்டே, சொல்லி அனுப்பினாத்தான் வரணும்னு ஒரு வழக்கமே உங்களுக்குக் கிடையாதா என்றார். சொல்லி அனுப்ப உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான் நானே வந்துட்டேன்கா என்றார் அவர்.

பேச்சு எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை, பொடிசின் மூன்றில் எது என்பதிலிருந்து உலகத்தில் தொட்டுக்க எது உசத்தி என்பதற்குப் போய்விட்டது. டெய்லருக்கு மிளகாய் சாஸ். சாஸுன்னா சாப்பிட்டவன் ஒரு சொட்டுக் கண்ணீராவது விடணும், இல்லேன்னா அது வெறும் சாயம் என்றார். நீங்க தைக்கிற சட்டையைப் போட்டாலே கண்ணீர் வந்துடுது, அதுக்குன்னு தனியா ஒரு சாஸ் வேறயா என்றார் அத்தை. அத்தையின் கட்சி உனக்குத் தெரியும், உப்பு. உப்பை எடுத்துட்டு உங்க பாட்டிலையெல்லாம் நக்கிப் பாருங்க, அப்புறம் பேசலாம் என்றார். சலவைக் கடையில் நாளெல்லாம் ஆவியில் நிற்கிறவர், உப்பின் அருமை அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். உப்பு தொட்டுக்க இல்லக்கா, அது வீட்டுச் சுவர், கடுகுதான் ஜன்னல் என்றார். சுவரில்லாம ஜன்னலை எதுலடா மாட்டுவ, ஆகாசத்துலயா என்றார் அத்தை. மிளகாய் வந்தா போகாது, நாக்குலயே உட்கார்ந்து சண்டை போடும், கடுகு அப்படியில்ல, மூக்கு வழியா நேரா மண்டைக்குப் போயி விளக்கைப் போட்டுட்டுக் கிளம்பிடும், விருந்தாளின்னா அப்படி இருக்கணும் என்று அப்பா டெய்லரைப் பார்த்துச் சொன்னார். டெய்லர் இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

என்னைக் கேட்டார்கள். எது மிச்சம் இருக்கோ அது என்றேன். இவங்க ஓட்டு செல்லாத ஓட்டு என்று தள்ளிவிட்டார் டெய்லர். உண்மையில் எனக்கு மிளகு. நூலகத்தில் மதியம் ஆள் வராத நேரத்தில் பழைய கப்பல் பயணப் புத்தகங்களைப் படித்துக்கொண்டே சாப்பிடுவேன், முட்டையில் மிளகைத் தூவும்போதெல்லாம், இந்தக் கறுப்புப் பொடிக்காக எத்தனை பேர் கரையே தெரியாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று தோன்றும், வாயில் அரைபடும்போது தூரம் அரைபடுவது மாதிரி இருக்கும். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொன்னால் அத்தை என் நெற்றியில் கைவைத்துச் சூடு பார்ப்பார். உன்னிடம் சொல்வதற்குக் காரணம், நீயும் எங்கோ தூரத்தில் நின்று எதையோ அரைத்துக்கொண்டிருக்கிறாய்.

அப்பா ருசி பார்ப்பதற்கு முன்னால், பாட்டில்களிலிருந்து சின்னக் கிண்ணங்களுக்கு மாற்றும்போதே, நான் அடுப்படியில் கரண்டி நுனியால் மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். கடுகை நாக்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நனைந்த காகிதத்தை மென்றதுபோல ஒரு கசப்பு மட்டும் நின்றது. அப்போதுதான் இடறியது என்னவென்று புரிந்தது. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் எனக்கும் அப்பாவுக்கும் பேச அதிகம் இருந்ததில்லை, அதனால் அவர் கடுகைப் பற்றிப் பேசுவார். கடுகை இடிச்சுப் பச்சைத் தண்ணி ஊத்திக் கொஞ்ச நேரம் சும்மா விடணும், அப்பதான் அதுக்குக் கோபம் வரும், கோபம் உச்சிக்கு வந்ததும் வினிகரை ஊத்தினா அப்படியே நின்னுடும், வெந்நீர் ஊத்தினியோ கோபமே வராது, கசந்துக்கிட்டுக் கிடக்கும் என்பார். நீ ஓட்டல் அடுப்படியில் எதையும் கொதிக்கவைத்தே பழகியவள், கடுகையும் அப்படியே செய்துவிட்டாய். உன்னைத்தான் அவர் கம்பெனி வாசலைத் தாண்டவிட்டதே இல்லையே, உனக்கு எப்படித் தெரியும். சரி, அவரே ருசி பார்த்துவிட்டுச் சொல்லட்டும், நான் முந்திக்கொள்ள வேண்டாம் என்று கிண்ணங்களை மேசைக்குக் கொண்டுபோனேன்.

மிளகாயையும் வெங்காயத்தையும் தொட்டுவிட்டு, பரவாயில்ல, பரவாயில்ல என்று தலையாட்டிய அப்பா, கடுகை ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூக்குத் தண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு, ஏறுதுடா, நேரா மண்டைக்கு ஏறுது, என் பொண்ணு பொண்ணுதான் என்றார். கண்ணைத் திறந்தபோது நிஜமாகவே கண்ணில் நீர். அத்தை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கடுகைத் தொடுவதில்லை, டெய்லரின் நாக்கு அதற்குள் மிளகாயில் வெந்துபோயிருந்தது, ஆகையால் அந்த மேசையில் கடுகைத் தொட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உன்மேல் உள்ள பிரியத்தில் பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன், ஒரு மனிதர் கடுகு விஷயத்தில்கூடப் பொய் சொல்லும் அளவுக்கு ஒரு பெண்மேல் பிரியமாக இருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாத்திரம் கழுவும்போது அத்தை, என்ன தனியா சிரிச்சுக்கற என்று கேட்டார். ஒண்ணுமில்லண்ணி என்றேன்.

அன்று மதியம் தூங்கிப்போய் ஒரு கனவு கண்டேன். எங்கள் நூலகத்தின் அலமாரிகளில் புத்தகங்களுக்குப் பதிலாக லேபிள் இல்லாத பாட்டில்கள். ஆட்கள் வந்து ஒவ்வொன்றாய் மூடியைத் திறந்து முகர்ந்து, இது ஏற்கனவே படிச்சதுதான் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். அப்பாவும் வந்தார். ஒரு பாட்டிலைத் திறந்து வெகுநேரம் முகர்ந்துகொண்டே நின்றார், மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார்கள், வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, அவர் மட்டும் அந்த ஒரே பாட்டிலோடு நின்றார். விழித்தபோது வெயில் மேசையிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது. கனவுக்கெல்லாம் அர்த்தம் பார்க்கிறவள் இல்லை நான், எழுந்துபோய்த் துணியை எடுத்துவைத்தேன்.

கடுகுதான்னு அவளுக்கு எழுதிடு என்றார் அப்பா சாயங்காலம். மறுநாளும், எழுதிட்டியா என்றார். எழுதறேன் என்றேன். எழுத உட்காரும்போதெல்லாம் உன் சீட்டு நினைவுக்கு வந்தது. அவர் சொல்லை நம்பி நீ வேலையை விட்டு, இருப்பதையெல்லாம் போட்டு, காரமில்லாத கடுகைப் பாட்டில் பாட்டிலாக அடைத்துச் சந்தையில் வைத்துக்கொண்டு நிற்பாய். கடுகு என்று எழுதினால் உனக்குத் துரோகம், கடுகு சரியில்லை என்று எழுதினால் அவருக்கு. வெந்நீரை மட்டும் திருத்திச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்றும் பார்த்தேன், அப்பா இதைக் கவனிக்கலையா சித்தி என்று நீ கேட்பாய், அதற்குப் பதில் எழுத என்னால் முடியாது.

அந்த வாரம் நடுவில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே பால் தீயும் நாற்றம் அடித்தது. மாடி ஜன்னலில் டெய்லர் தலையை நீட்டி, உங்க வீடுதான், உங்க வீடுதான் என்று கத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் கரியாகிப் புகை கூரையைத் தொட்டுவிட்டது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். யோசனையில இருந்துட்டேன் என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தண்ணீரில் போட்டேன், அது சீறியது, அந்தச் சீறலில் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. கம்பெனியில் லேபிள் ஒட்டும் அக்கா கொஞ்ச நாள் முன்னால் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, இப்பல்லாம் சார் ருசி மேசையில ஒவ்வொரு பதத்துக்கும் என்னைக் கூப்பிட்டு உனக்கு எப்படி இருக்குன்னு கேக்கறார், என் பேச்சுக்கும் ஒரு மதிப்பு வந்துடுச்சு பாருங்க என்று சந்தோஷப்பட்டாள். மழைக்காலத்தில் அவருக்கு வந்த காய்ச்சல். காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பது. தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன்.

தெரிந்த பிறகும் சில நாள் நான் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் அலமாரியின் ஒரு கதவை அவர் திறந்ததே இல்லை, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் இல்லை. அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது, ஆனாலும் அப்படி ஒரு கதவை எனக்கு விட்டுவைத்த மனிதரின் கதவை நான் எப்படித் தட்டுவது. இன்னொரு பக்கம் நீ. அப்பா, கடைக்கு வாடகை பேசலாமா என்று நீ போனில் கேட்டாய், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், பேசும்மா, அப்பா இருக்கேன் என்றார். போனை வைத்த கை கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருந்தது.

அடுத்த நாள் என்னைக் கூட்டிப்போக நூலகத்துக்கு வந்தார். நான் கிழிந்த புத்தக முதுகுகளுக்குத் துணி ஒட்டிக்கொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு, பொடிசுக்கு எழுதிட்டியா என்றார். நான் தலையை நிமிர்த்தாமல், பொடிசு வெந்நீர் ஊத்தியிருக்கா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கடுகோடு அவ்வளவு காலம் இருந்தவருக்கு அதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. செய்தித்தாள் மெதுவாக மடியில் இறங்கியது. உனக்கு எப்பத் தெரியும் என்றார். கடுகு அன்னிக்கே தெரியும், மத்தது பால் தீஞ்ச அன்னிக்கு என்றேன். சொல்லியிருக்கலாமே என்றார். நீங்களும் சொல்லியிருக்கலாம் என்றேன். அதற்கு அவர் சிரித்தார், சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாகிவிட்டது. வாசனையும் ருசியும் காய்ச்சலோட போச்சு, இன்னிக்கு வந்துடும் நாளைக்கு வந்துடும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், டாக்டர்கிட்டப் போனா அது நிஜமாயிடும் என்றார். பிறகு, என் பொண்ணு தன் கையால செஞ்சு முதல்முதலா அனுப்பினது, வாயில வெச்சா ஒண்ணுமே தெரியல, களிமண்ணு மாதிரி இருந்தது, அதான் கண்ணு கலங்கிடுச்சு, காரம்னு சொல்லிட்டேன் என்றார். பசை காய்ந்துவிடும் என்று நான் துணியை அழுத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் வந்து மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு நடக்கும்போது, அவளுக்கு எல்லாத்தையும் எழுதிடு, நான் சொன்னா குரல் மாறிடும், அவ அங்க தனியா இருக்கா என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். அவர் கேட்காமல் எழுதவில்லை.

இனி உன் கடைக்கு. விடுமுறை நாளில் உன் செய்முறையையே எடுத்துக்கொண்டு, வெந்நீரை மட்டும் பச்சைத் தண்ணீராக்கி, அப்பா சொல்லச் சொல்ல நான் இடித்துக் கலந்தேன். இப்ப விடு, இப்ப வினிகர் என்று கடிகாரத்தைப் பார்க்காமலே சொன்னார். டெய்லருக்கும் எனக்கும் ரொட்டியில் தடவிக் கொடுத்துவிட்டு, தான் வாயில் வைக்காமல் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். டெய்லர் மேசையை இரண்டு தட்டு தட்டினார், பேச வாயைத் திறந்து பேச்சு வராமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தை, இதுவரைக்கும் இவர் வாயை அடைச்ச பொருள் இது ஒண்ணுதான், எனக்கும் கொஞ்சம் கொடு என்று வயிற்றையும் மறந்து வாங்கித் தின்று தும்மினார். அப்பா மூன்று பேர் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார், ஒரு படத்தைப் பார்க்கிற மாதிரி, பிறகு, இது சரி என்றார். ஆனால் உனக்கு எழுதச் சொன்னது வேறு. எதைப் போடறதுன்னு என் வார்த்தையை எதிர்பார்க்க வேண்டாம், அவ நாக்கு நல்லாத்தான் இருக்கு, அவளே முடிவு பண்ணட்டும் என்றார்.

நானாக ஒன்று சொல்லலாமா. அன்று அவ்வளவு வாக்குவாதத்திலும் உன் வெங்காயத்துக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் அந்தப் பாட்டில்தான் காலியாயிற்று. டெய்லர் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு அதையே தேடி இறங்கி வந்தார், அத்தை விரலை விட்டு வழித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்ததாக அவருக்குத் தெரியாது. மிளகாய் இன்னும் பாதி இருக்கிறது. இதை வைத்து நீ முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, என் ஓட்டுதான் செல்லாத ஓட்டாயிற்றே, நடந்ததைச் சொன்னேன். நல்ல கடுகையும் ஒருமுறை செய்து, இரண்டையும் உங்கள் ஓட்டல் ஆட்களுக்கு முன்னால் பேசாமல் வைத்துவிட்டு, எது முதலில் தீர்கிறது என்று பார். ஓட்டல் வேலையை உடனே விட்டுவிடாதே, தோழி கொஞ்ச நாள் கடையில் நிற்கட்டும், நீ மாலையில் போ.

அப்பாவிடம் பேசும்போது அழாதே. எப்படிப்பா தாங்கறீங்க என்று கேட்காதே, சாப்பாடு எப்படி இருந்தது என்றும் கொஞ்ச நாள் கேட்க வேண்டாம். கடுகை எத்தனை மெல்லிசாக இடிக்க வேண்டும், எந்த வினிகர், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேள், அது அவருக்கு அப்படியே இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொள். ஈரச் சுவர்ப் பக்கம் கட்டிலைப் போடாதே. நீ எடுத்த காரியம் கைகூடி, உன் கடை வாசலில் ஆள் நின்று வாங்கிப்போகிற நாளை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், நீ நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும். அத்தை தன் ஆசீர்வாதத்தோடு, உப்பை மறக்காதே என்றும் எழுதச் சொன்னார். பச்சைத் தண்ணீர், மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் நினைக்கும்,
சித்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். அப்பா இன்று காலை முதலாளியிடம் தானே போய்ச் சொல்லிவிட்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. இடிக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், ருசி மேசையில் இனி லேபிள் அக்கா உட்காருவாள். மதியம் டாக்டரிடம் போனோம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். வீட்டுக்கு வந்து அப்பா ஒரு ரொட்டி சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்.